சிகிச்சைக்குப் பிறகு ஸ்கேன்: தலை, கழுத்துப் புற்றுநோய்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கன்னம், நாக்கு, தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் வந்த புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து வீடு திரும்பியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுடைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு அலையும் மகன், மகள், மனைவிமார்களுக்காகவும்தான். "கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து முடித்தாயிற்று, ஒரு பெட் ஸ்கேன் எடுத்துவிட்டால் நோய் போய்விட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும்" என்று அடுத்த வாரமே ஸ்கேன் மையத்துக்கு வருகிறவர்கள் பலர். படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. அவசரப்பட்டு எடுத்த படம் நிம்மதியைவிடக் கலக்கத்தையே அதிகம் தருகிறது.

சிகிச்சைக்கு முந்தைய ஸ்கேனில் கேள்வி எளிது: கட்டி எங்கே, எவ்வளவு பெரிது, நெறி (நிணநீர் முடிச்சு) கட்டியிருக்கிறதா? சிகிச்சைக்குப் பிறகோ கழுத்தே வேறு கழுத்தாகிவிடுகிறது. கதிர்வீச்சு பட்ட தோல் தடிக்கும். அதன் அடியிலுள்ள கொழுப்பில் இழை இழையாக நீர் கோக்கும். குரல்வளை மூடி உப்பும். உமிழ்நீர்ச் சுரப்பி முதலில் வீங்கி, மாதங்கள் போகப்போகச் சுருங்கும். அறுவை சிகிச்சை நடந்திருந்தால் தாடை எலும்பில் ஒரு பகுதி, ஒரு பக்கத்து நெறிகள், சில சமயம் பெரிய தசையும் சிரைக்குழாயும்கூட இருக்காது. மார்பிலிருந்தோ தொடையிலிருந்தோ எடுத்த சதை அங்கே வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். அறுத்த வயலில் எது பழைய தாள்கட்டை, எது புதிதாக முளைத்த களை என்று பிரித்தறிவதைப் போன்ற வேலை இது. இதற்கு விலை உயர்ந்த இயந்திரத்தைவிட அதிகம் உதவுபவை, சரியான நாளும் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படமும்தான். இந்த வழிகாட்டியில் மற்றவற்றை மறந்தாலும் இந்த இரண்டை மறக்காதீர்கள்.

முதல் படி: ஃபைலைச் சரிசெய்யுங்கள்

சிகிச்சை தொடங்குவதற்கு முன் எடுத்த சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படங்கள் உங்களிடம் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். ஃபிலிமும் ரிப்போர்ட் காகிதமும் போதாது. டைகாம் என்னும் கணினி வடிவில் முழுப் படங்களும் அடங்கிய குறுந்தகடோ பென்டிரைவோ வேண்டும். ஃபிலிமில் தெரிவது தேர்ந்தெடுத்துச் சிறிதாக்கிய சில படங்கள். குறுந்தகட்டில் இருந்தால்தான் எங்களால் ஒவ்வொரு அடுக்காக நகர்த்தி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். இல்லையென்றால், முன்பு ஸ்கேன் எடுத்த மையத்தில் நோயாளி எண்ணைச் சொல்லி ஒரு பிரதி கேளுங்கள். வருடக் கணக்கில் தள்ளிப்போட்டால் அங்கேயும் அழித்திருக்கக் கூடும்.

அதோடு, டிஸ்சார்ஜ் சம்மரியையும் அறுவை சிகிச்சைக் குறிப்பையும் பார்த்து ஒரே ஒரு தாளில் சில விஷயங்களை எழுதிவையுங்கள். கட்டி எந்தப் பக்கம், என்ன அறுவை, எந்த நாளில் நடந்தது, எந்தப் பக்கத்து நெறிகள் எடுக்கப்பட்டன, எங்கிருந்து சதை எடுத்து வைத்தார்கள், எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு, எத்தனை தவணை, கீமோ மருந்தின் பெயர். கதிர்வீச்சு மட்டுமே முதன்மைச் சிகிச்சையாக இருந்தால் பொதுவாக ஏழு வாரங்களில் 70 கிரே கொடுப்பார்கள். அறுவைக்குப் பிறகு கொடுப்பது 60 முதல் 66 கிரே வரை. எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் எழுத வேண்டியது, கதிர்வீச்சின் கடைசி நாள்.

இந்தத் தாள் எவ்வளவு உதவும் என்பதற்கு ஓர் உதாரணம். கழுத்து அறுவையில் ஒரு பக்கத்துத் தாடையடி உமிழ்நீர்ச் சுரப்பியையும் சேர்த்து எடுப்பது வழக்கம். பிறகு எடுக்கும் படத்தில் மறுபக்கச் சுரப்பி மட்டும் தனியாக உருண்டையாகத் தெரியும். விவரம் தெரியாமல் பார்த்தால் புதிய கட்டி என்று சந்தேகம் வரும். வீட்டில் தடவிப் பார்த்தவர்களும் அதே உருண்டையைக் கண்டு பயந்துபோய் வருவதுண்டு.

இன்னொன்று. குரல் நாண் ஒன்று செயலிழந்துவிட்டால் மற்ற நாண் இரண்டு மடங்கு உழைக்கிறது. பெட் ஸ்கேனில் சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடம் ஒளிரும் என்பதால் அந்த ஆரோக்கியமான நாண்தான் பளிச்சென்று எரியும். எந்தப் பக்கம் செயலிழந்தது என்று எழுதப்பட்டிருந்தால் அந்த வெளிச்சம் யாரையும் ஏமாற்றாது.

நாக்கை அசைக்கும் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாதி நாக்கு சுருங்கிக் கொழுப்பாகி, தொண்டைப் பக்கம் சரிந்துவிடும். அதுவும் கட்டி போலவே தோற்றமளிக்கும்.

இரண்டாம் படி: நாளைக் கணக்கிடுங்கள்

கதிர்வீச்சோ கீமோவோடு கூடிய கதிர்வீச்சோ எடுத்தவர்களுக்கு, சிகிச்சைக்குப் பலன் கிடைத்ததா என்று பார்க்கும் முதல் பெட்-சி.டி. (பெட் ஸ்கேனும் சி.டி.யும் சேர்த்து எடுப்பது) கடைசிக் கதிர்வீச்சு நாளிலிருந்து 12 வாரங்கள் கழித்து. ஜனவரி 10 கடைசித் தவணை என்றால் ஏப்ரல் முதல் வாரம். அதற்கு முன் "சும்மா ஒருமுறை பார்த்துவிடலாம்" என்று எடுக்க வேண்டாம்.

காரணம் இதுதான். பெட் ஸ்கேனில் ஊசி மூலம் செலுத்துவது எஃப்.டி.ஜி. என்னும், சர்க்கரையை ஒத்த கதிரியக்க மருந்து. புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை அதிகமாக இழுப்பதால் அந்த இடம் படத்தில் ஒளிரும். ஆனால் கதிர்வீச்சால் வெந்து புண்ணான இடத்தை ஆற்ற வரும் செல்களும் சர்க்கரையை இழுக்கும். ஆறாவது வாரத்தில் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலவே ஒளிரும். இன்னொரு பக்கம், கடைசித் தவணைக்குப் பிறகும் கட்டி வாரக் கணக்கில் கரைந்துகொண்டே இருக்கிறது. கரைந்து முடிவதற்குள் எடுத்த படத்தில் "மிச்சம் இருக்கிறது" என்று வந்தால் அடுத்தது சதைப் பரிசோதனை. கதிர்வீச்சு பட்ட சதையில் வெட்டினால் புண் ஆறுவது கடினம். தேவையில்லாமல் அந்த இடத்தில் கத்தி படக் கூடாது.

இந்த 12 வாரக் கணக்குக்குப் பின்னால் பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. பிரிட்டனில், கழுத்து நெறிகளுக்கு நன்றாகப் பரவிய நோயுள்ள 564 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கப்படி கழுத்து அறுவை. மறு பாதிக்கு 12-வது வாரத்தில் பெட்-சி.டி. எடுத்து, சந்தேகம் இருந்தால் மட்டும் அறுவை. 2016-ல் முடிவு வெளியானது. இரண்டு ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்களின் விகிதம் ஸ்கேன் குழுவில் 84.9 சதவீதம், அறுவைக் குழுவில் 81.5 சதவீதம். பிழைத்திருப்பதில் ஸ்கேன் குழு பின்தங்கவில்லை. அறுவை நடந்ததோ அந்தக் குழுவில் 54 பேருக்குத்தான். மற்ற குழுவில் 221 பேருக்கு. சரியான நாளில் எடுத்த ஒரு படம் அத்தனை கழுத்துகளைக் கத்தியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

பெட் ஸ்கேனின் பலமும் பலவீனமும் ஒரே அளவில் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் 2011-ல் உலகெங்கும் நடந்த 51 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிகிச்சைக்குப் பிந்தைய பெட் ஸ்கேன் "இல்லை" என்று சொன்னால் அது சரியாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 95 சதவீதம். "இருக்கிறது" என்று சொன்னால் சரியாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல். ஆகவே ஒளிரும் புள்ளியைப் பார்த்து இடிந்து உட்கார வேண்டாம். அது மேற்கொண்டு பார்க்க வேண்டிய இடம். எச்.பி.வி. கிருமியால் வந்த தொண்டைப் புற்றுநோயில் நெறிகள் இன்னும் மெதுவாகவே கரையும். 12-வது வாரத்தில் அரைகுறையாக இருந்தால் மேலும் சில வாரங்கள் பொறுத்து இன்னொரு ஸ்கேன் எடுப்பார்கள்.

அறுவை மட்டும் நடந்தவர்களுக்குப் பொதுவாக இரண்டு மூன்று மாதங்களில், வீக்கம் வடிந்த பிறகு ஒரு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். இது நோயைத் தேடுவதற்கு மட்டும் எடுப்பது அல்ல. மாறிப்போன கழுத்தின் புதிய அடிப்படைப் படம் இது. பின்னால் எப்போது சந்தேகம் வந்தாலும் இதோடுதான் ஒப்பிடுவோம். "ஒரு தொந்தரவும் இல்லையே, எதற்கு ஸ்கேன்" என்று இதைத் தவிர்ப்பவர்களுக்கு ஓராண்டு கழித்து ஒரு தடிப்பு தெரிந்தால், அது பழைய தழும்பா புதியதா என்று சொல்ல எங்களிடம் எதுவும் இருக்காது.

மூன்றாம் படி: எந்த ஸ்கேன் என்று கேளுங்கள்

எந்த இயந்திரத்துக்கும் முன்னால் மருத்துவரின் கண்ணும் விரலும் எண்டோஸ்கோப்பும் வருகின்றன. வாய்க்குள்ளும் தொண்டைக்குள்ளும் மேல்தோலில் வரும் சிறு புண்ணை எந்த ஸ்கேனும் அவற்றைவிட நன்றாகக் காட்டாது. தோலுக்கு அடியில், எலும்புக்குள், மண்டையோட்டின் அடியில், விரல் எட்டாத இடங்களில் நடப்பதைக் காட்டத்தான் ஸ்கேன்.

கழுத்து நெறிகளுக்கு மட்டும் என்றால் அல்ட்ராசவுண்டே பல சமயம் போதும். செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லை, சந்தேகமான நெறியில் அப்போதே ஊசி போட்டுச் செல்களை எடுத்துவிடலாம். தொண்டைக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கும் நெறிகள் மட்டும் அதற்குத் தெரியாது.

சி.டி. ஸ்கேன் வேகமானது, எலும்பை நன்றாகக் காட்டும். நம் ஊரில் புகையிலையும் பாக்கும் அடக்கிவைத்ததால் வரும் கன்னப் புற்றுநோய் அதிகம் என்பதால் ஒன்றைச் சொல்லவேண்டும். வாயை மூடிச் சும்மா படுத்திருந்தால் கன்னமும் ஈறும் ஒட்டிக்கொண்டு ஒரே சதையாகத் தெரியும். கன்னத்தைக் காற்றால் உப்பவைத்துப் படம் எடுத்தால் இரண்டும் பிரிந்து, சின்னத் தடிப்பும் தனியாகத் தெரியும். டெக்னீஷியன் கேட்கும்போது செய்ய முடிவதற்கு வீட்டிலேயே கண்ணாடி முன் பழகிக்கொள்ளுங்கள். உதடு சரியாக மூடாதவர்களும் வாய் திறக்க முடியாதவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. நாக்கு, மூக்கின் பின்புறத் தொண்டை, மண்டையோட்டின் அடிப்பகுதி, நரம்பு வழியாகப் பரவும் நோய் ஆகியவற்றுக்கு ஏற்றது. முதிர்ந்த தழும்பு கறுப்பாகவும், நீர் கோத்த வீக்கம் வெள்ளையாகவும், கட்டி இரண்டுக்கும் நடுவிலான சாம்பல் நிறத்திலும் தெரிவதால் பிரித்துச் சொல்வது எளிது. ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். கெட்டி எச்சில் தொண்டையில் நிற்பவர்களுக்கு அது பெரும் சோதனை.

பெட்-சி.டி.யின் இடம் முக்கியமாக அந்த 12-வது வாரம். பிறகு புதிய சந்தேகம் எழும்போதும், நுரையீரல் போன்ற வேறு இடங்களுக்குப் பரவியிருக்குமோ என்று பார்க்கும்போதும் உதவும். ஒரு தொந்தரவும் இல்லாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட் எடுத்துக்கொண்டே இருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. காசும் போகிறது, பொய்ப் பயமும் வருகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், எந்த ஸ்கேனுக்கு அனுமதி கிடைக்கும் என்று நாள் குறிப்பதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: ஸ்கேன் நாளுக்குத் தயாராகுங்கள்

பெட் ஸ்கேனுக்கு முன் நான்கு முதல் ஆறு மணி நேரம் பட்டினி. மூக்குக் குழாய் வழியாகவோ வயிற்றுக் குழாய் வழியாகவோ கொடுக்கும் கஞ்சியும் பாலும் உணவுதான். "வாய்வழியாக எதுவும் தரவில்லை" என்று சொல்லிவிட்டுக் காலையில் குழாயில் கஞ்சி ஊற்றி அழைத்துவந்தால் ஸ்கேன் தள்ளிப்போகும். இளநீர், பழச்சாறு, குளுக்கோஸ் டிரிப் எதுவும் கூடாது. வெறும் தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்.

இரத்தச் சர்க்கரை பொதுவாக 200-க்குக் கீழே இருந்தால்தான் ஊசி போடுவார்கள். நீரிழிவு உள்ளவர்கள் எந்த மாத்திரை, எந்த இன்சுலினை எப்போது எடுப்பது என்று ஸ்கேன் மையத்தையும் மருத்துவரையும் முந்தைய நாளே கேளுங்கள். நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். எஃப்.டி.ஜி. மருந்தின் வீரியம் ஒவ்வொரு 110 நிமிடத்திலும் பாதியாகக் குறைந்துவிடும். உங்களுக்காக வரவழைத்த மருந்தை அலமாரியில் வைத்து மாலையில் போட முடியாது.

ஊசி போட்ட பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனி அறையில் அமைதியாக இருக்கச் சொல்வார்கள். தலை, கழுத்து நோயாளிகளுக்கு இந்த ஒரு மணி நேரம் மிக முக்கியம். பேசினால் குரல்வளைத் தசைகள் சர்க்கரையை இழுக்கும். எதையாவது மென்றால் தாடைத் தசைகள் இழுக்கும். நாம் தேடும் இடத்திலேயே பொய் வெளிச்சம் எழும். போன் பேசக் கூடாது, வெளியே காத்திருக்கும் நீங்களும் அழைக்கக் கூடாது. ஏ.சி. குளிரில் நடுங்கினாலும் கழுத்தின் பக்கவாட்டிலுள்ள ஒருவகைக் கொழுப்பு எரியத் தொடங்கும். ஒரு சால்வை கொண்டுபோங்கள்.

கான்ட்ராஸ்ட் ஊசியோடு (படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) சி.டி. என்றால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையின் புதிய ரிப்போர்ட் தேவை. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால், அதை எடுத்தவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். முன்பு எப்போதாவது அந்த ஊசிக்கு அரிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ.க்குப் போகும் முன் பேஸ்மேக்கர் போன்ற கருவி இருந்தால் தெரிவியுங்கள். தாடையில் வைத்த டைட்டானியம் தகடு பெரும்பாலும் தடையில்லை. மூச்சுக்காகக் கழுத்தில் வைத்த டிராக்கியாஸ்டமி குழாய் உலோகமாக இருந்தால் பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றிக்கொண்டு, சளியை உறிஞ்சி எடுத்துவிட்டுப் போவது நல்லது.

பெட் ஸ்கேன் எடுத்த அன்று மாலை வரை கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கி உட்கார வேண்டாம். நிறையத் தண்ணீர் குடித்தால் மருந்து சிறுநீரில் வெளியேறிவிடும்.

ஐந்தாம் படி: ரிப்போர்ட்டைப் படியுங்கள்

கையில் வாங்கியதும் முதலில் தேட வேண்டிய வரி, "முந்தைய படங்களோடு ஒப்பிடப்பட்டது" என்பதும் அந்தப் பழைய படத்தின் தேதியும். அது இல்லையென்றால் பழைய குறுந்தகட்டைக் கொடுத்து, ஒப்பிட்டுத் திருத்திய ரிப்போர்ட் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. என்னைப் போன்றவர்களுக்கு அதில் வருத்தமும் இல்லை.

பல இடங்களில் இப்போது நை-ராட்ஸ் என்ற எண் முறையில் எழுதுகிறார்கள். அமெரிக்கக் கதிரியல் கல்லூரி உருவாக்கியது. கட்டி இருந்த இடத்துக்கு ஓர் எண், கழுத்து நெறிகளுக்குத் தனியாக ஓர் எண். பூஜ்யம் என்றால் பழைய படம் கிடைக்காததால் முடிவு சொல்லவில்லை என்று பொருள். 1 என்றால் நோயின் அறிகுறி இல்லை, வழக்கமான கண்காணிப்பு போதும். 2 என்றால் லேசான சந்தேகம். அதிலேயே 2ஏ மேல்தோலில் இருப்பது, மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். 2பி ஆழத்தில் இருப்பது, சுமார் மூன்று மாதங்களில் மறு ஸ்கேன் அல்லது பெட். 3 வலுவான சந்தேகம், சதைப் பரிசோதனை. 4 நோய் திரும்பியது உறுதி. இந்த முறையைத் தொடங்கிய எமோரி பல்கலைக்கழகத்தின் ஆய்வில், 1 என்று எழுதப்பட்டவற்றில் சுமார் 4 சதவீதத்திலும், 2-ல் சுமார் 17 சதவீதத்திலும், 3-ல் சுமார் 59 சதவீதத்திலும் நோய் இருந்தது. 2 என்ற எண்ணைப் பார்த்து இரவெல்லாம் தூங்காமல் தவிக்கும் குடும்பங்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

ஓர் இடம் எவ்வளவு மருந்தை இழுத்தது என்று காட்டும் எஸ்.யு.வி. என்ற எண்ணைச் சுற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. ஒரு மையத்தில் 4.1, மற்றொரு மையத்தில் 5.0 என்று வந்தால் நோய் வளர்ந்துவிட்டது என்று பொருள் அல்ல. இயந்திரம், இரத்தச் சர்க்கரை, ஊசிக்கும் படத்துக்கும் இடையே கடந்த நிமிடங்கள் எல்லாமே அந்த எண்ணை மாற்றும். அதனால்தான் நாங்கள் அந்த இடத்தின் வெளிச்சத்தை அதே படத்திலுள்ள கழுத்துச் சிரையோடும் கல்லீரலோடும் ஒப்பிடுகிறோம். கல்லீரலைவிடப் பிரகாசமாக, ஒரே புள்ளியில் குவிந்திருந்தால் கவலை அதிகம். மங்கலாகப் பரவியிருந்தால் பெரும்பாலும் அழற்சிதான். முடிந்தால் ஒரே மையத்தில் தொடர்ந்து எடுங்கள்.

ஒட்டுச் சதை வைத்தவர்களுக்கு: அந்தச் சதை ஆண்டுகள் செல்லச் செல்ல மெலிந்து கொழுப்பாவது இயல்பு. நோய் திரும்பினால் பெரும்பாலும் ஒட்டின் ஓரத்தில், பழைய சதையும் புதிய சதையும் சேரும் இடத்தில்தான் வரும். நாங்கள் அதிக நேரம் செலவிடுவதும் அங்கேதான்.

தாடை எலும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதிர்வீச்சு பட்ட எலும்பு இரத்த ஓட்டம் குறைந்து, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் செத்துப்போவது உண்டு. ஈறு விலகி எலும்பு வெளியே தெரியும், வலிக்கும், சீழ் வடியும். ஸ்கேனில் எலும்பு அரித்துப்போய், பெட் படத்தில் ஒளிரவும் செய்யும். புற்றுநோய் திரும்பியதா, எலும்பு செத்ததா என்று சொல்வது எங்களுக்கே கடினமான இடம். சில சமயம் சதைப் பரிசோதனைதான் முடிவு சொல்லும். இந்த நிலைக்குப் பல் பிடுங்குவது ஒரு பெரிய காரணம். கதிர்வீச்சு பட்ட தாடையில் பல்லில் கைவைப்பதற்கு முன், முதலில் உங்கள் கதிர்வீச்சு மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பிறகு பல் மருத்துவரிடம் போங்கள்.

ஆறாம் படி: அடுத்தடுத்த ஆண்டுகள்

நோய் திரும்புமானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள். அதனால் முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டில் இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் ஆண்டு வரை நான்கு முதல் எட்டு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பது பொதுவான ஒழுங்கு. ஒவ்வொரு முறையும் ஸ்கேன் வேண்டும் என்பதில்லை. கழுத்தில் கதிர்வீச்சு பட்டவர்களுக்குத் தைராய்டு சுரப்பது குறையும் வாய்ப்பு உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்னும் தைராய்டு இரத்தப் பரிசோதனை பாருங்கள். நெடுநாள் புகைபிடித்தவர்களுக்கு நுரையீரலில் தனியாக இன்னொரு புற்றுநோய் வரலாம். மார்புக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. தேவையா என்று கேளுங்கள்.

குறித்த நாள் வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. கழுத்தில் புதிய கட்டி, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், நாளுக்கு நாள் கூடும் விழுங்கும் சிரமம், குரல் மாற்றம், காரணமில்லாத எடை இழப்பு, ஒரு பக்கக் காது வலி. காதில் ஒன்றும் இல்லாமல் காது வலித்தால் தொண்டையிலிருந்தோ நாக்கின் அடியிலிருந்தோ நரம்பு வழியாக வலி அங்கே தெரிகிறது என்று பொருளாகலாம். காது சொட்டு மருந்தோடு நாளைக் கடத்தாதீர்கள். இவற்றில் ஏதேனும் இருந்தால் 12 வாரம் ஆகட்டும் என்று பொறுக்காமல் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் போங்கள். வாயிலிருந்தோ கழுத்திலிருந்தோ இரத்தம் கொட்டினாலோ, மூச்சு விடும்போது சீறும் சத்தம் கேட்டாலோ ஸ்கேன் மையத்துக்கு அல்ல, 108-ஐ அழைத்து நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.